கடன் மட்டும் சுருங்குவதில்லை

பங்கு விலைகள் உயரமான ஒரு பீடபூமியை எட்டிவிட்டன, இனி அங்கேயே நிற்கும் என்று 1929 அக்டோபரில் சொன்னார் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் இர்விங் ஃபிஷர். அந்த மாதக் கடைசியிலேயே நியூயார்க் சந்தை சரிந்தது. 1932 ஜூலைக்குள், பெரிய நிறுவனங்களின் பங்கு விலைப் போக்கைக் காட்டும் டவ் ஜோன்ஸ் குறியீடு உச்சத்திலிருந்து சுமார் 89 சதவீதம் இறங்கிவிட்டது. கடன் வாங்கிப் பங்குகளில் போட்டிருந்த ஃபிஷரின் செல்வமும் அதோடு போயிற்று.

அவரைக் கேலி செய்வது சுலபம். ஆனால் அடிபட்ட பிறகு, 1933இல், அவர் எழுதிய கட்டுரை அருமையானது. நெருக்கடியில் சம்பளம் இறங்கும், பொருள்களின் விலை இறங்கும், சொத்தின் மதிப்பும் இறங்கும். கடன் பத்திரத்தில் எழுதிய தொகை மட்டும் அசையாது. அதுதான் அவர் பிடித்த நுனி. 1929 முதல் 1933 வரை அமெரிக்காவில் விலைவாசி ஏறத்தாழ கால் பங்கு குறைந்தது. கடன் 100, மாதச் சம்பளம் 10 என்றால் பத்து மாதச் சம்பளத்தில் கடன் தீரும். சம்பளமும் கால் பங்கு குறைந்து 7.5 ஆனால்? பதின்மூன்று மாதச் சம்பளம் கொடுத்தாலும் பாக்கி இருக்கும். புதிதாக எதுவும் வாங்காமலே கடன் கனத்துவிடுகிறது.

2008 நிதி நெருக்கடியில் இந்தக் கணக்கு வீட்டு வாசலுக்கே வந்தது. 100 விலையுள்ள வீட்டைக் கைப்பணம் 20, கடன் 80 போட்டு ஒருவர் வாங்குகிறார். விலை 20 சதவீதம் இறங்கினால் வீடும் 80, கடனும் 80. அவர் போட்ட பணம் மொத்தமும் காலி. கடனில்லாமல் வாங்கியவருக்கு அதே சரிவில் ஐந்தில் ஒரு பங்குதான் நட்டம். அமெரிக்காவிலோ வீட்டு விலைகள் 2006 உச்சத்திலிருந்து கால் பங்குக்கும் மேல் இறங்கின. கடன் சுமை அதிகமாயிருந்த பகுதிகளில் குடும்பங்கள் செலவை மிகக் கடுமையாகக் குறைத்தன என்று ஆதிஃப் மியான், அமீர் சூஃபி என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

சரி, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மிச்சம் பிடித்த பணம் எங்கே போகிறது? பெரும்பாலும் தவணைக்கு. நாட்டின் வருமானம், செலவு, சேமிப்பைத் தொகுக்கும் தேசியக் கணக்கில் கடனின் அசலை அடைப்பதும் சேமிப்பாகவே வரும். ஆகவே நெருக்கடிக்குப் பின் சேமிப்பு விகிதம் (வருமானத்தில் சேமிப்பின் பங்கு) ஏறினால் வீடுகளில் பணம் குவிகிறது என்று நினைத்துவிடக் கூடாது. (2020 ஏப்ரலில் அமெரிக்காவில் அது 30 சதவீதத்தைத் தாண்டியது வேறு கதை. கொரோனா முடக்கத்தில் செலவழிக்க இடமில்லை, அரசும் கையில் பணம் கொடுத்தது.) இன்னொரு சிக்கலைப் பிரிட்டிஷ் பொருளியல் அறிஞர் கெய்ன்ஸ் சொன்னார்: ஒருவர் செலவுதான் மற்றவர் வருமானம். எல்லாரும் ஒரே நேரத்தில் கையை இறுக்கினால் எல்லார் வருமானமும் குறையும், நினைத்த அளவு சேமிக்கவும் முடியாது.

முதலீட்டிலும் கடன்தான் குறுக்கே நிற்கிறது. அமெரிக்காவின் 500 பெரிய நிறுவனப் பங்குகளைக் கொண்ட எஸ் அண்ட் பி 500 குறியீடு 2007 அக்டோபரிலிருந்து 2009 மார்ச்சுக்குள் 57 சதவீதம் விழுந்து, 2013இல்தான் பழைய உச்சத்தைத் தொட்டது. அதுவரை காத்திருந்தவர்களுக்குப் பணம் திரும்பியது. வேலை போய்த் தவணை மட்டும் மாதாமாதம் வந்தவர்கள் அடிமாட்டு விலைக்கு விற்றார்கள். பயந்து விற்றார்கள் என்று அவர்களைக் குறை சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. பலருக்கு வேறு வழியில்லை.

பயம் அப்புறம் வருகிறது, வந்தால் நெடுநாள் தங்குகிறது. மோசமான சந்தைக் காலத்தைக் கண்டு வளர்ந்தவர்கள் பல ஆண்டுகள் கழித்தும் பங்குகளில் குறைவாகவே போடுகிறார்கள் என்று உல்ரிகே மால்மெண்டியர், ஸ்டெஃபான் நாகெல் இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது.

ஃபிஷர் 1947இல் இறந்தார். இழந்த செல்வம் திரும்பவில்லை. அவர் பாடம் நடத்திய யேல் பல்கலைக்கழகமே அவர் வீட்டை வாங்கி அவருக்கே வாடகைக்கு விட்டிருந்தது.