அப்பா போன பிறகும் ஓயாத போட்டி

குடும்ப ஆலோசனை என் தொழில். ஓரவஞ்சனை பற்றிப் பேச வேண்டி வந்தால் நான் எடுத்துக்கொள்வது ஒரு பழைய அமெரிக்கத் தொடரை. 1978 முதல் 1991 வரை சிபிஎஸ் தொலைக்காட்சியில் ஓடிய ‘டாலஸ்’. டெக்சாஸில் எண்ணெய்த் தொழில் செய்யும் குடும்பத்தின் கதை. பார்த்தவர்கள் வில்லன் ஜே.ஆரைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள். எனக்கு அவனுடைய அப்பா ஜாக் யூயிங்தான் முக்கியம்.

ஜாக் பிள்ளைகள் மேல் பாசம் இல்லாதவர் அல்ல. மூத்தவன் ஜே.ஆருக்குத் தொழிலைக் கொடுத்தார், கடைக்குட்டி பாபிக்குச் செல்லத்தைக் கொடுத்தார். நடுவில் பிறந்த கேரி அம்மாவின் செல்லம்; அப்பாவுக்கோ அவன் தேறாத பிள்ளை. கம்பெனியை எவ்வளவு வளர்த்தாலும் பாபிக்குக் கிடைக்கிற அந்தப் பார்வை ஜே.ஆருக்குக் கிடைப்பதில்லை. அவனுடைய அக்கிரமங்களில் பாதி அந்தப் பார்வைக்காகத்தான் என்பது என் கணிப்பு.

ஜாக்காக நடித்த ஜிம் டேவிஸ் 1981இல் இறந்துபோக, கதையிலும் ஜாக்கைச் சாகடித்தார்கள். அப்புறம் உயிலைப் பிரித்தால், மூத்தவனுக்கும் இளையவனுக்கும் ஒரு வருடப் போட்டி! அதிக லாபம் காட்டுகிறவனுக்குக் கம்பெனியில் 51 சதவீதம். நல்லவன் என்று பேரெடுத்த பாபியே அதில் ஒருவரை மிரட்டிக் காரியம் சாதிக்கும் அளவுக்கு இறங்கிவிடுகிறான்.

என்னிடம் ஒரு அண்ணன் தம்பி வந்தார்கள் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்). இருவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. சொத்துத் தகராறு என்றுதான் வந்தார்கள். “கடையில நின்னது நான். வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா இவனைப் பத்தித்தான் பேசுவார்” என்றார் அண்ணன். தம்பி வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “காலேஜ்ல ரெண்டு வருஷம் அரியர் வெச்சிருந்தேன்ணே. அப்பாகிட்ட கடைசி வரைக்கும் சொல்ல முடியலை.” அண்ணனுக்கு அது அன்றுதான் தெரியும். செல்லப் பிள்ளையும் மாட்டிக்கொண்டவன்தான் என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

எல்லாப் பிள்ளைகளையும் ஒரே மாதிரி நடத்தச் சொல்கிறேனா? இல்லை, அது நடக்காது. அமாண்டா கோவல், லாரி கிரேமர் இருவரும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், 11 முதல் 13 வயதுப் பிள்ளைகள் தங்களுக்கும் உடன்பிறந்தவருக்கும் காட்டப்பட்ட வித்தியாசங்களில் முக்கால்வாசியை அநியாயம் என்று நினைக்கவே இல்லை. ‘அவன் சின்னவன்’, ‘அவளுக்கு இப்போது உதவி தேவை’ என்று காரணம் புரிந்திருந்தது. ஆகவே வித்தியாசம் காட்டினால் காரணத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். உயில் எழுதும்போதும் அப்படித்தான். நீங்கள் இருக்கும்போதே பிள்ளைகளை உட்காரவைத்துப் பேசிவிடுங்கள்.

வருகிற அப்பாக்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: “மூத்தவர் சம்பாத்தியம், பொறுப்பு இதெல்லாம் இருக்கட்டும். அவரைப் பற்றி வேறு ஏதாவது சொல்லுங்கள்.” பலர் மின்விசிறியைப் பார்ப்பார்கள். ஒருவர் மட்டும், “சின்ன வயசுல நல்லாப் பாடுவான் சார்” என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகன் திரும்பி அவரைப் பார்த்தார்.