அண்டக் கதிர்களின் பிறப்பிடத்தைத் தேடும் காமா வானியல்

காலிமுகத்திடலில் உள்ளங்கையை விரித்து நின்றால், ஏறத்தாழ ஒவ்வொரு செக்கனும் மியுவோன் என்னும் நுண்துகள் ஒன்று அதை ஊடுருவிப் போகும். விண்ணிலிருந்து வரும் புரோத்தன்கள் வளிமண்டலத்தில் மோதும்போது பிறப்பவை அவை. 1912 இல் விக்டர் ஹெஸ் பலூனில் ஏறிக் கண்டறிந்த அண்டக் கதிர்கள் பெரும்பாலும் இந்தப் புரோத்தன்கள்தாம். ஆனால் அவற்றின் பிறப்பிடம் எது என்பதற்கு இன்றும் முழு விடை இல்லை.

தடையாக இருப்பது காந்தப்புலம். மின்னேற்றமுள்ள புரோத்தனின் பாதை அதற்குள் வளைந்துவிடும். கொழும்பில் இதை அளந்தே பார்க்கலாம்: புவியின் காந்த நடுக்கோட்டுக்கு அருகே இருப்பதால், சக்தி குறைந்த அண்டக் கதிர்கள் இங்கே மேலேயே திருப்பப்படுகின்றன. சக்தி கூடியவை புவியின் புலத்தை மீறி வந்தாலும், பால்வீதியின் காந்தப்புலத்தில் நெடுங்காலம் அலைந்து திசையை இழந்தே வருகின்றன.

காமாக் கதிருக்கு மின்னேற்றமில்லை, நேராக வரும். புரோத்தன்கள் முடுக்கப்படும் இடத்தருகே வாயு முகில் இருந்தால், மோதலில் நடுநிலைப் பயோன் என்னும் துகள் உண்டாகி இரண்டு காமாக் கதிர்களாகச் சிதையும். அவற்றின் சக்தி, தாய்ப் புரோத்தனுடையதில் ஏறத்தாழப் பத்தில் ஒன்று.

அந்தக் கதிர் தரையை எட்டாது. வளிமண்டலத்தின் மேற்பகுதியிலேயே இலத்திரன்களும் அவற்றின் எதிர்த்துகள்களான பொசித்திரன்களும் கொண்ட பொழிவாக மாறிவிடும். காற்றில் ஒளி செல்லும் வேகத்தை அத்துகள்கள் விஞ்சுவதால் நீலநிறச் செரன்கோவ் ஒளி சில நனோசெக்கன்கள் மட்டும் தெறிக்கும். நமீபியாவின் ஹெஸ் தொலைநோக்கிகள் அதைப் பல கோணங்களில் படம்பிடித்துத் திசையைக் கணிக்கின்றன. பால்வீதித் தளத்தை அவை துழாவி 2018 இல் வெளியிட்ட பட்டியலில் 78 மூலங்கள் உள்ளன. ஆனால் இம்முறைக்கு இருண்ட, தெளிந்த இரவு வேண்டும். ஒரே நேரத்தில் தெரியும் வானமும் சிறியது. மெக்சிக்கோவின் ஹோக், சீனாவில் 4,410 மீற்றர் உயரத்திலுள்ள லாசோ ஆகிய அவதான நிலையங்கள் பொழிவின் துகள்களையே நீருக்குள் பிடிப்பதால் பகலிலும் இயங்கும். எங்கே இருக்குமென்று தெரியாததைத் தேட இவைதாம் பொருத்தமானவை என்பேன்.

மூலத்தைக் கண்டதோடு வேலை முடியாது. இலத்திரன்களும் ஒளித்துகள்களை மோதிக் காமாக் கதிர்களாக்கும். இத்தொலைநோக்கிகள் காணும் உயர் சக்தி மட்டத்தில் 1989 இல் முதன்முதலாக உறுதியான மூலம், வெடித்த விண்மீனின் எச்சமான நண்டு நெபுலா; அதன் ஒளிர்வு பெரும்பாலும் இலத்திரன்களால் வருவதே. அதனால் காமா வரைபடத்தை வாயு முகில் வரைபடத்தோடு ஒப்பிடுகிறார்கள். இலத்திரன்கள் விரைவில் சக்தியிழக்கும் உச்ச சக்தி எல்லையைக் கூர்ந்து பார்க்கிறார்கள்.

செப்டெம்பர் முன்னிரவில் கொழும்பின் வடவானில் தெரியும் அன்னம் விண்மீன் கூட்டத்தின் திசையிலிருந்து, 1,400 டிரில்லியன் இலத்திரன்வோல்ட் சக்தியுள்ள காமாக் கதிரொன்றை 2021 இல் லாசோ அறிவித்தது. அதே பகுதியில் பிரமாண்டமான காமாக் குமிழியொன்றை 2024 இல் விவரித்தது. அங்குள்ள இளம் பெருவிண்மீன்களின் கூட்டமே புரோத்தன்களை முடுக்குகிறது என்பது இப்போது வலுவாக முன்வைக்கப்படும் விளக்கம்.