‘கன்சோல்’ என்னும் சொல்லும் ஆட்டப்பெட்டியும்

தக்கலையில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் அக்காள் மகன், பள்ளியில் தந்த மொழிபெயர்ப்புப் பயிற்சியில், ‘கன்சோல் விற்பனையில் மூன்று நிறுவனங்கள் போட்டியிடுகின்றன’ என்று வர வேண்டிய வரியை ‘ஆறுதல் விற்பனையில் மூன்று நிறுவனங்கள் போட்டியிடுகின்றன’ என்று எழுதி, சிவப்பு மையால் சுழிக்கப்பட்ட தாளோடு வந்து நின்றான். “அகராதியில ஆறுதல்னுல்லா மாமா போட்டிருக்கு?” என்று கேட்டான். அகராதி பொய் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக் கூட்டலில் இரண்டு சொற்கள் உள்ளன. அவற்றுள் வினைச்சொல்லுக்கு ‘ஆறுதல் கூறு’ என்பதே பொருள். பயிற்சி வரியில் வந்ததோ, வீடியோ கேம் ஆடும் கருவியைக் குறிக்கும் பெயர்ச்சொல். ஆனால் அந்தப் பெயர்ச்சொல்லின் வேரைத் தோண்டிப் பார்த்தால், பையன் எழுதியது முழுப் பிழை என்றும் தள்ளிவிட முடியவில்லை.

பெயர்ச்சொல்லான ‘கன்சோல்’ பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. பிரெஞ்சில் அது கட்டடக் கலைஞர்களின் சொல்; சுவரிலிருந்து வெளியே நீண்டு, மேலேயுள்ள பலகையையோ விளிம்பையோ தாங்கி நிற்கும் சுருள் வடிவ உறுப்புக்கு அப்பெயர். அதன் மூலத்தைப் பற்றி இரண்டு கருத்துகள் வழங்குகின்றன. ‘கெட்டிப்படுத்து’ என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லோடு அதனைச் சேர்ப்பது ஒரு கருத்து. பாரம் தாங்குவதற்காக மனித உருவில் செதுக்கப்பட்ட தாங்கிகளுக்கு ‘ஆறுதல் அளிப்பவர்’ என்னும் பொருளில் வழங்கிய ஒரு நீண்ட பிரெஞ்சுச் சொல்லே குறுகி ‘கன்சோல்’ ஆயிற்று என்பது மற்றொரு கருத்து. இரண்டாவதே சரி என்று நிலைநாட்டப்பட்டால், சிவப்பு மையில் பாதியை அழிக்கச் சொல்லலாம்.

இந்த உறுப்பைக் காண நாம் பிரான்சுக்குப் போக வேண்டியதில்லை. சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலின் நீண்ட பிராகாரத்தில் நடப்பவர்கள் தூணில் செதுக்கிய பாவைகளைப் பார்த்துவிட்டுக் கடந்துபோகிறார்கள். கொஞ்சம் தலையை நிமிர்த்தினால், தூணின் உச்சியிலிருந்து பக்கவாட்டில் நீண்டு, மேலே கிடக்கும் உத்திரத்தின் பாரத்தைத் தூணுக்கு இறக்கித் தரும் கல்லைக் காணலாம். அதற்குச் சிற்பிகள் வழங்கும் பெயர் போதிகை. பிரெஞ்சுக்காரரின் கன்சோல் சுவரிலிருந்து நீளும், நம் போதிகை தூணின் தலையிலிருந்து நீளும் என்பது மட்டுமே வேற்றுமை. இரண்டின் வேலையும் ஒன்றுதான். ஆகவே கன்சோல் என்பதற்கு அதன் முதற்பொருளில் தமிழ்ச் சொல் வேண்டுமென்றால், அது கல்லிலேயே இருக்கிறது. அதற்காக விளையாட்டுக் கருவியைப் ‘போதிகை’ என்று அழைக்கச் சொல்லவில்லை. ஆங்கிலச் சொல் எத்தனை தூரம் நடந்து வந்திருக்கிறது என்று காட்டவே இதைச் சொன்னேன்.

தாங்கியிலிருந்து, தாங்கியின்மேல் சுவரை ஒட்டி நிற்கும் மேசைக்கு அப்பெயர் சென்றது. 19ஆம் நூற்றாண்டில், தேவாலயங்களின் குழல் ஆர்கனில் வாசிப்பவர் அமரும் பகுதி, அதாவது விசைக்கட்டைகளும் இழுப்புக் குமிழ்களும் அடங்கிய மரக்கூடு, அப்பெயரைப் பெற்றது. பொருள் மாற்றத்தின் திருப்புமுனை இதுவே: அதுவரை பாரத்தைத் தாங்கியது கன்சோல், இனி ஒருவர் அமர்ந்து வேறொன்றை இயக்கும் இடம் கன்சோல். அங்கிருந்து, 1920களில் தரையில் நிற்கும் வானொலிப் பெட்டிக்கும், பின்னர் மின் நிலையக் கட்டுப்பாட்டுப் பலகைக்கும் கணினிக்கும், இறுதியில் தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் கருவிக்கும் சொல் தாவியது.

இதில் எனக்கு வியப்பாக இருப்பது, அக்கருவியைச் செய்து விற்றவர்கள் ‘கன்சோல்’ என்ற சொல்லைத் தங்கள் பெட்டியின் மேல் எழுத விரும்பவில்லை என்பதே. பொறியாளர் ரால்ஃப் பேயரின் ஆய்விலிருந்து பிறந்து 1972இல் மேக்னவாக்ஸ் நிறுவனம் விற்ற முதல் வீட்டுக் கருவிக்கு ‘ஒடிசி’ என்று பெயர். 1977இல் அடாரி தன் கருவியை ‘வீடியோ கம்ப்யூட்டர் சிஸ்டம்’ என்றது. கணினி என்றால் பெற்றோர் மதித்த காலம் அது. 1983இல் நிண்டெண்டோ ஜப்பானில் விற்கத் தொடங்கிய கருவியும் ‘ஃபேமிலி கம்ப்யூட்டர்’தான், சுருக்கமாக ஃபாமிகாம். அதே ஆண்டில் அமெரிக்க வீடியோ கேம் சந்தை சரிந்து, கடைக்காரர்கள் அந்தப் பெயரைக் கேட்டாலே முகம் சுளித்தார்கள். எனவே 1985இல் அங்கே நுழைந்தபோது நிண்டெண்டோ அதே கருவிக்கு ‘எண்டர்டெயின்மெண்ட் சிஸ்டம்’ என்று பெயர் மாற்றி, வீடியோ கேசட் இயந்திரத்தைப் போல முன்பக்கம் கதவு திறந்து செருகும்படி வடிவத்தையும் மாற்றி, ஒரு சிறு பொம்மை ரோபோவையும் சேர்த்து, விளையாட்டுச் சாமானாகக் கடைக்குள் கொண்டுபோயிற்று. பெயரே போட்டியின் முதல் நகர்வு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

அந்த ஃபாமிகாமின் நகல்கள்தான் 1990களில் நம் ஊர்களுக்கு வந்தன. வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வருபவர் பெட்டி பிரிக்கும் நாளில், சோப்புக்கும் துணிக்கும் இடையே ஒரு வெள்ளைக் கருவியும் மஞ்சள் நிறக் கேசட்டும் வெளியே வரும். யாரும் அதைக் கன்சோல் என்று சொன்னதில்லை. ‘டிவி கேம்’ என்றார்கள். உள்ளே நாடா எதுவும் ஓடாத அந்தச் செருகுப் பொருளைக் ‘கேசட்’ என்றதும் நாமே. ‘கார்ட்ரிட்ஜ்’ என்னும் அதன் ஆங்கிலப் பெயரைத் ‘தோட்டா’ என்று பெயர்த்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அதைவிடக் கேசட்டே மேல்.

இனி, கையில் வைத்து ஆடும் கருவி. இதற்குத் தமிழில் ‘கையடக்கம்’ என்ற நல்ல சொல் முன்பே இருக்கிறது. கையடக்கப் பதிப்பு, கையடக்க அகராதி என்று நாம் எழுதி வந்ததுதான். அளவில் மட்டும் அடங்கினால் போதாது, செலவிலும் அடங்க வேண்டும் என்பதைக் கையடக்கக் கருவிகளின் வரலாறு காட்டுகிறது. 1989இல் நிண்டெண்டோ வெளியிட்ட கேம் பாய், பச்சை கலந்த திரையில் நிறமின்றி ஆட்டத்தைக் காட்டியது. அதே ஆண்டு அடாரியின் லின்க்ஸும், அடுத்த ஆண்டு சேகாவின் கேம் கியரும் ஒளியூட்டிய வண்ணத் திரையோடு வந்தன. கடையில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால் கேம் பாய் ஏழை வீட்டுப் பிள்ளைபோல இருக்கும். ஆனால் அது நான்கு பேட்டரியில் பத்து மணி நேரத்துக்கும் மேல் ஓடியது. கேம் கியரோ ஆறு பேட்டரியைத் தின்றுவிட்டு மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் படுத்துவிடும். கேம் பாயும் அதன் வண்ண வடிவமும் சேர்ந்து ஏறத்தாழ 11.87 கோடி விற்றன. கேம் கியர் ஒரு கோடி அளவிலேயே நின்றது.

கேம் பாயின் பின்னிருந்த நிண்டெண்டோ பொறியாளர் குன்பேய் யோகோய் தம் வழியை விளக்கப் பயன்படுத்திய ஜப்பானியத் தொடரை ‘வாடிய தொழில்நுட்பத்தைப் பக்கவாட்டில் சிந்தித்தல்’ என்று எழுதுவது வழக்கம். ‘வாடிய’ என்பது நேர்ப்பொருள்தான், எனினும் அச்சொல்லுக்குப் பக்குவப்பட்ட, நம்பகமான என்ற பொருளும் ஜப்பானியத்தில் உண்டு. மரவேலைக்காரர்கள் ‘முற்றின மரம்’ என்று சொல்லும்போது வாட்டத்தையா குறிக்கிறார்கள்? பச்சை மரம் பார்க்கப் பளபளப்பாக இருந்தாலும் பின்னால் வளையும், வெடிக்கும். முற்றியது விலையும் தெரிந்தது, குணமும் தெரிந்தது. ஆகவே ‘முற்றின தொழில்நுட்பம்’ என்று எழுதுவதே யோகோயின் கருத்துக்கு நெருங்கியது என்பேன்.

‘அடக்கம்’ என்ற சொல்லை எடுத்தபின் ‘அடக்க விலை’யை விட்டுவிட முடியாது. ஒரு பொருளைச் செய்து முடிக்க ஆகும் செலவே அடக்க விலை. அதற்குக் கீழே விற்பவனை வடசேரிச் சந்தையில் பைத்தியம் என்பார்கள். வீட்டுக் கருவி செய்பவர்கள் பலர் அப்படித்தான் விற்றார்கள். 2006இல் சோனி பிளேஸ்டேஷன் 3இன் உயர் வகையை அமெரிக்காவில் 599 டாலருக்கு விற்றபோதும் அது அடக்க விலைக்குக் கீழேதான் இருந்தது. கருவிகளை விற்று ஒருபோதும் இலாபம் கண்டதில்லை என்று மைக்ரோசாஃப்ட் நிர்வாகி ஒருவர் 2021இல், எபிக் நிறுவனம் ஆப்பிள் மீது தொடுத்த வழக்கில் சாட்சியமே சொன்னார். இழந்ததை, தம் கருவியில் ஓடும் ஒவ்வோர் ஆட்டத்தின் விற்பனையிலும் பெறும் பங்கிலிருந்து மீட்பதே திட்டம். அப்பங்கு தவறாமல் வர வேண்டுமென்றால் அனுமதியில்லாத ஆட்டம் கருவியில் ஓடக் கூடாது. அதற்காகவே 1985ஆம் ஆண்டின் கருவிக்குள் நிண்டெண்டோ ஒரு பூட்டுச் சில்லை வைத்தது. ஜப்பானிய ஃபாமிகாமில் அந்தப் பூட்டு இல்லை. நம் வீட்டு டிவி கேமில் எந்தக் கேசட்டைச் செருகினாலும் ஓடியதன் இரகசியம் அதுதான். எல்லாரும் இழந்து விற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்: அதே 2006இல் 250 டாலர் விலையில் வந்த நிண்டெண்டோவின் வீ, தொடக்கம் முதலே இலாபத்தில் விற்றது. அதன் உள்ளுறுப்புகளும் முற்றின மரம்தான்.

வீட்டுக் கருவி, கையடக்கக் கருவி என்ற பிரிவினை நெடுங்காலம் நிலைத்தது. 2012இன் வீ யூ 1.36 கோடி அளவில் தோற்றபின், இரண்டு குதிரைகளைத் தனித்தனியே ஓட்டுவதை நிண்டெண்டோ நிறுத்தி, 2017இல் ஸ்விட்ச் என்ற ஒரே கருவியை வெளியிட்டது. தாங்கியில் வைத்தால் தொலைக்காட்சியில் ஆடலாம், எடுத்தால் கையில் ஆடலாம். அது 15 கோடிக்கும் மேல் விற்றது. சுவரிலிருந்து நீண்ட தாங்கியாகத் தொடங்கிய கன்சோல், இங்கே தானே ஒரு தாங்கியில் ஏறி அமர்ந்துவிட்டது.

தமிழ் நிகரனுக்கு வருவோம். ‘முனையம்’ என்பது ‘டெர்மினல்’ என்ற வேறொரு கணினிச் சொல்லுக்கு உரியதாகிவிட்டது. ‘பணியகம்’ என்று எழுதுவோர் உண்டு. கட்டுப்பாட்டு அறைக்கு அது ஓரளவு பொருந்தலாம், ஆனால் பள்ளி விட்டு வந்த பிள்ளை ‘பணியகத்தில்’ ஆடுகிறான் என்றால் ஏதோ அலுவலகத்தில் குறும்பு செய்கிறான் என்றே தோன்றும். ‘விளையாட்டுப் பெட்டி’ என்பது பொம்மைகளைப் போட்டு வைக்கும் பெட்டியையும் குறிக்கும். என் தேர்வு ‘ஆட்டப்பெட்டி’. வானொலிப் பெட்டி, தொலைக்காட்சிப் பெட்டி, ஆர்மோனியப் பெட்டி என்று, உள்ளே வேலை நடக்கும் கூட்டைப் பெட்டி என்பது நம் பழைய வழக்கம். ஆர்கன் கூட்டிலிருந்து வந்த பொருளுக்கும் அது ஒத்துவருகிறது. மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸும் பெயரில் பெட்டிதானே. சிறிய கருவிக்குக் ‘கையடக்க ஆட்டப்பெட்டி’. ‘கைப்பெட்டி’ என்றால் பயணப் பெட்டி ஆகிவிடும். பனையோலை முடைவோர் பெரியதைக் கடவம் என்றும் சிறியதைக் கொட்டான் என்றும் பிரிப்பதை நினைத்து ‘ஆட்டக் கொட்டான்’ என்று வைக்க எனக்கு ஆசைதான், ஆனால் அதை யாரும் எழுதப் போவதில்லை.

இந்நிறுவனங்களின் விற்பனைப் போட்டியை ஆங்கிலத்தில் குறிக்கும் ‘கன்சோல் போர்’ என்ற தொடரைப் ‘போட்டி’ என்று குறைத்து எழுதவே முதலில் நினைத்தேன். 1741இல் உண்மையான போர் நடந்த குளச்சல் நம் மாவட்டத்தில் இருக்க, விலைக் குறைப்பைப் போர் என்பது மிகையாகப் பட்டது. ஆனால் அந்தப் போரில் மார்த்தாண்ட வர்மரிடம் தோற்றுச் சரணடைந்த டச்சுத் தளபதி டி லனாய், பின்னர் திருவிதாங்கூர்ப் படையையே பயிற்றுவித்து, தக்கலைக்கு அருகே உதயகிரிக் கோட்டையில் அடக்கமானார். சேகாவின் கதையும் அதுதான்: 2001இல் ட்ரீம்காஸ்ட்டை நிறுத்திக் கருவித் தொழிலை விட்ட அந்நிறுவனத்தின் ஆட்ட நாயகனான நீல முள்ளெலி சோனிக், அவ்வாண்டு முடிவதற்குள் பழைய எதிரியான நிண்டெண்டோவின் கேம் பாய் அட்வான்ஸில் ஓடிக்கொண்டிருந்தது. எனவே ‘ஆட்டப்பெட்டிப் போர்’ என்றே எழுதலாம் என்று மருமகனிடம் சொன்னேன். அவன் தாளில் அடித்ததற்கு மேலேயே எழுதிக்கொண்டான்.