லகூன்: வெனிஸ் தந்த சொல், தமிழில் காயல்

லகூன் என்ற சொல் நமக்கு ஆங்கிலம் வழியாக வந்தது. அது பிறந்த இடம் அட்ரியாட்டிக் கடலின் வட முனையில் இருக்கும் இத்தாலிய நகரான வெனிஸ். தங்கள் நகரைச் சூழ்ந்த ஆழமற்ற உப்புநீர்ப் பரப்பை அவ்வூரார் 'லகூனா' என்கிறார்கள். இலத்தீனில் 'லாக்குஸ்' ஏரி. அதன் வழிவந்த 'லக்கூனா' பள்ளம், குட்டை, இடைவெளி. பழஞ்சுவடியில் எழுத்து விடுபட்ட இடத்தைக் குறிக்கவும் அறிஞர்கள் இதே இலத்தீன் சொல்லைத்தான் ஆள்கிறார்கள்.

அகராதிகள் சில இதற்குக் 'கடற்கரை ஏரி' என்று பொருள் தருகின்றன. அது பொருந்தாது. ஏரி நீரைத் தேக்கும், லகூனா தேக்காது. வெனிஸ் லகூனாவின் பரப்பு சுமார் 550 சதுர கி.மீ. கடலுக்கும் அதற்கும் நடுவே லீடோ, பெல்லெஸ்ட்ரீனா என்ற மணல் திட்டுகள் நீளமாகக் கிடக்கின்றன. லீடோ, மலமோக்கோ, கியோஜா ஆகிய மூன்று முகத்துவாரங்கள் வழியே ஓதம், அதாவது கடல்நீர்ப் பெருக்கு, நாள்தோறும் ஏறி இறங்குகிறது. ஆறு வண்டல் கொட்டினால் இந்தப் பரப்பு தூர்ந்து வயலாகிவிடும். கடல் அரித்தால் வெறும் விரிகுடாவாகிவிடும். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் வரைதான் அது லகூனா. தூர்ந்துவிடும் என்று அஞ்சியே வெனிஸ் குடியரசு பிரெந்தா, பியாவே, சீலே ஆறுகளைத் திருப்பிவிட்டது; 1604இல் போ ஆற்றின் வாயையும் தெற்கே வெட்டி மாற்றியது. இன்றைய தொல்லை நேர் எதிரானது. வண்டல் வரத்து நின்றுபோனது, கப்பலுக்காக ஆழக் கால்வாய்கள் வெட்டப்பட்டன. அதனால் உட்பரப்பு அரிபடுகிறது.

அரிபடுவதைப் புரிந்துகொள்ள உள்ளூர்ச் சொற்கள் உதவும். பெரிய ஓதத்தில் மட்டும் மூழ்கும் உவர்ப்புல் மேடு 'பரேனா'. நீர் நன்றாக வற்றும்போது மட்டும் தலைகாட்டும் சேற்றுத்திட்டு 'வெல்மா'. மேடுகளுக்கிடையே வளைந்தோடும் சிற்றோடை 'கேபோ'. அந்தச் சிற்றோடைக்கு நம் நெய்தல் பாடல்களின் 'கழி' அப்படியே பொருந்தும். எனவே முழுப் பரப்பையும் உப்பங்கழி என்பதைவிட, பரப்பைக் காயல் என்றும் அதனுள் ஓடும் நீர்வழியைக் கழி என்றும் பிரித்துச் சொல்வதே சரி. ஈழத்தில் 'களப்பு' என்பார்கள். மட்டக்களப்பின் பெயரிலேயே அது இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் 'கடல்நீரேரி' என்ற வழக்கும் உண்டு. பழவேற்காட்டைப் பழக்கத்தால் ஏரி என்கிறோம். முகத்துவாரம் உள்ள அதுவும் காயல்தான். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் காயல் துறைமுகத்தைப் பற்றிச் சொன்ன மார்க்கோ போலோ, லகூனாவின் நடுவே இருக்கும் வெனிஸைச் சேர்ந்தவர்!

வெனிஸ் மாநகராட்சியைப் பற்றிப் படிக்கும்போது ஒரு தெளிவு வேண்டும். வெனிஸ் என்றால் தீவுகள் மட்டுமல்ல. வெனிஸ் கொமூனே, அதாவது மாநகராட்சி, 6 வட்டாரங்கள் கொண்டது. அவற்றில் மெஸ்த்ரே, மார்கேரா உட்பட 4 நிலப்பகுதியில் உள்ளன. மக்களில் பெரும்பாலோர் வாழ்வதும் அங்கேதான். 'செஸ்தியேரே' என்பது வேறு: பழைய தீவு நகரின் ஆறு பேட்டைகளில் ஒன்று.

'அக்வா ஆல்தா', உயர் ஓதம், பற்றிய செய்திகளிலும் அடிக்கடி பிழை நேர்கிறது. 2019 நவம்பர் 12இல் ஓதம் 187 செ.மீ. என்றால் தெருவில் அவ்வளவு நீர் நின்றதாகப் பொருளில்லை. அந்த அளவு 1897ஆம் ஆண்டின் சராசரிக் கடல்மட்டத்திலிருந்து எடுக்கப்படுவது. புனித மார்க் சதுக்கத்தின் தாழ்ந்த பகுதி ஏறத்தாழ 80 செ.மீ. உயரத்தில் இருப்பதால் ஓதம் 110 செ.மீ. வரும்போது அங்கே சுமார் 30 செ.மீ. நீர் நிற்கும். இதுவரையிலான உச்சம் 1966 நவம்பர் 4இன் 194 செ.மீ.

இதைத் தடுக்க மூன்று முகத்துவாரங்களிலும் மோசே என்ற 78 எஃகுக் கதவுகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. சாதாரண நாளில் அவை நீர் நிரம்பிக் கடலடியில் படுத்திருக்கும். காற்றைச் செலுத்தி நீரை வெளியேற்றினால் கீல்மேல் எழுந்து நிற்கும். 2020 அக்டோபர் 3இல் முதன்முறையாக உயர் ஓதத்தைத் தடுத்தன. ஆனால் கதவு மூடியிருக்கும்போது புயல் ஓதம் சுமந்து வரும் வண்டல் பரேனா மேடுகளுக்கு எட்டுவதில்லை; அடிக்கடி மூடினால் உட்பரப்பு மேலும் மெலியும்.

பவளத்தீவு வளையத்தின் நடுவே இருக்கும் நீரையும் லகூன் என்பதுண்டு. அங்கே ஆறும் இல்லை, வண்டலும் இல்லை. அதைக் காயல் என்னாமல் 'பவளத்தீவின் உள்கடல்' என்று விரித்து எழுதலாம்.