ஒரு சாவு நான்கு வருடம் தள்ளிப்போன கதை

1949 மார்ச் 17. இத்தாலியின் டெர்னி நகர உருக்காலைத் தொழிலாளர்கள், தங்கள் நாடு நேட்டோவில் சேருவதைக் கண்டிக்க ஆலையை விட்டு வெளியே வந்தார்கள். போலீசுடன் நடந்த மோதல் அரைமணி நேரம்கூட நீடிக்கவில்லை. அதற்குள் 21 வயதுத் தொழிலாளி லூயிஜி த்ராஸ்துல்லி சுடப்பட்டு இறந்தார்.

எழுபதுகளில் வாய்மொழி வரலாற்றாய்வாளர் அலெஸ்ஸாந்த்ரோ போர்த்தெல்லி அங்கே ஒலிப்பதிவு செய்தபோது, பலர் இந்தச் சாவை 1953இல் நடந்ததாகச் சொன்னார்கள். அந்த ஆண்டு ஆலை 2,000 பேருக்கு மேல் வேலைநீக்கம் செய்தது. தெருவில் தடுப்பு வைத்துச் சண்டை நடந்தது.

இதை முதுமையின் மறதி என்று ஒதுக்கிவிட முடியாது. மறதி ஆளுக்கொரு மாதிரி தவறும்; இங்கே பலரும் ஒரே திசையில் தவறினார்கள். 1949இல் தோழன் செத்தும் திருப்பி அடிக்க முடியாமல்போன அவமானம் உள்ளேயே கிடந்தது. சாவை 1953க்கு நகர்த்தினால் அவர் வேலையைக் காக்கும் போராட்டத்தில் விழுந்தவராகிறார். தெருச்சண்டை அதற்கான பதிலாகிறது. தொழிற்சங்கத்தில் திரும்பத் திரும்பப் பேசும்போது இப்படித்தான் கூட்டு நினைவு உருவாகிறது: கேட்பவர்கள் ஆமோதிக்கும் பகுதி நிலைக்கிறது, ஒட்டாதது உதிர்கிறது.

ஆகவே பதிவு செய்பவர் பேச்சின் நடுவே தேதியைத் திருத்தவே கூடாது. திருத்தினால் பேசுபவர் உஷாராகி, சங்கத்தின் துண்டறிக்கையை ஒப்பிக்கத் தொடங்கிவிடுவார். ‘எந்த வருஷம்?’ என்பதைவிட ‘அப்போ எந்த ஷிப்ட்? மூத்த பிள்ளை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தானா?’ என்ற கேள்விகள் பயன்படும். முதலில் தனித்தனியாகப் பதிவு செய்துவிட்டு, பிறகே நான்கைந்து பேரைச் சேர்த்து உட்கார வைக்க வேண்டும். வரிசையை மாற்றினால் தலைவர் சொன்னதே எல்லோருடைய நினைவாகிவிடும். பெண் தொழிலாளர்களின் குரல்தான் முதலில் அமுங்கும். கூட்டத்தில் யார் யாரை மறித்தார், எங்கே எல்லோரும் மௌனமானார்கள் என்பதையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஐந்தாறு மணி நேரமாவது பிடிக்கும். எழுதும்போது, பேசியவர் 1953 என்று சொல்லியிருந்தால் 1953 என்றே இருக்கட்டும். சம்பளச் சீட்டு, சங்கத்தின் மினிட்ஸ் புத்தகம், அன்றைய செய்தித்தாள் காட்டும் தேதி ஓரக்குறிப்பாகப் பக்கத்தில் வரட்டும்.