காப்பிரைட்: காப்புரிமையா, பதிப்புரிமையா?

யூட்யூப் சேனல் நடத்துகிறவர்களின் பேச்சைக் கொஞ்சம் கவனியுங்கள். "பாட்டு போட்டேன், காப்பிரைட் அடிச்சுட்டாங்க." "காப்பிரைட் வந்துருச்சு, வீடியோவை எடுத்துட்டேன்." "காப்பிரைட் இல்லாத மியூசிக் எங்க கிடைக்கும்?" இந்தப் பேச்சில் காப்பிரைட் என்பது யாருடைய உரிமையும் இல்லை. மேலிருந்து விழுகிற அடி, அவ்வளவுதான். அந்த வீடியோவை எடுத்தவருக்கும் அதே காப்பிரைட் எடுத்த நொடியிலிருந்து இருக்கிறது என்று சொன்னால், "நான் எங்கேயும் ரிஜிஸ்டர் பண்ணலையே" என்பார். பண்ணத் தேவையில்லை. இந்தியச் சட்டப்படி பதிவு கட்டாயம் இல்லை. வழக்கு என்று வந்தால் சான்றாக உதவும். "காப்பிரைட் இல்லாத மியூசிக்" என்று தேடிப் பிடிக்கிறார்களே, அதில் பெரும்பாலானவற்றுக்குக் காப்பிரைட் உண்டு. உரிமைக்காரர், "எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், பெயரைச் சொன்னால் போதும்" என்று அனுமதி கொடுத்திருக்கிறார்.

சேனல்காரர்கள் ஒரே பேரில் சொல்வது இரண்டு வேறு விஷயங்கள். ஒன்று கிளெய்ம்: பாட்டின் சொந்தக்காரர் யாரென்று யூட்யூபின் மென்பொருள் தானாகக் கண்டுபிடிக்கும், பெரும்பாலும் வீடியோ அங்கேயே இருக்கும், விளம்பரக் காசு மட்டும் திசை மாறிப் போகும். இன்னொன்று ஸ்ட்ரைக்: சொந்தக்காரர் முறைப்படி புகார் கொடுக்கிறார், வீடியோ தூக்கப்படுகிறது, 90 நாளுக்குள் மூன்று சேர்ந்தால் சேனலே போகலாம். இந்த ஸ்ட்ரைக்கின் வேர் 1998இல் அமெரிக்கா இயற்றிய டிஎம்சிஏ என்ற டிஜிட்டல் காப்பிரைட் சட்டத்தில் இருக்கிறது. திரும்பத் திரும்ப மீறுகிறவர்களின் கணக்கை மூடும் ஏற்பாடு வைத்திருக்கும் தளத்துக்கே, பயனர்கள் செய்த மீறலுக்குத் தான் பொறுப்பேற்காமல் தப்பிக்கும் பாதுகாப்பு என்று அந்தச் சட்டம் சொல்கிறது. நம்மூர்ச் சட்டத்தின் வழி வேறு. 2013ஆம் ஆண்டு விதிகளின்படி, புகார் வந்தால் தளம் 36 மணி நேரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும். 21 நாளுக்குள் புகார்க்காரர் நீதிமன்ற ஆணை கொண்டுவராவிட்டால், எடுத்ததைத் திரும்ப வைத்துவிடலாம். மதுரையில் வீடியோ எடுத்தவருக்கும் விழுவது என்னவோ அமெரிக்க அடிதான்.

சரி, சொல்லுக்கு வருவோம்.

காப்பிரைட் என்றால் "காப்பி அடிக்கும் உரிமை" என்றுதான் இன்று ஆங்கிலக்காரர்களே பிரித்துப் பொருள் சொல்வார்கள். சொல் பிறந்த இடத்தில் அந்தப் பொருள் இல்லை. லத்தீனில் கோப்பியா என்றால் மிகுதி, வளம். அது இடைக்காலத்தில் படியெடுத்த பிரதிக்குப் பெயராகி, அச்சகத்துக்கு வந்து சேர்ந்தபோது "அச்சுக்கோக்க முன்னால் வைத்துக்கொள்ளும் மூலப் பிரதி" என்றாகிவிட்டது. இது நமக்குத் தெரியாத பொருளும் அல்ல. பத்திரிகை அலுவலகத்தில் "காப்பி வந்துருச்சா?" என்று ஆசிரியர் கேட்டால் யாரும் ஜெராக்ஸ் எடுக்க ஓடுவதில்லை; நிருபர் எழுதிய செய்தியைத்தான் கேட்கிறார். காப்பி எடிட்டர் என்பவரும் நகலைத் திருத்துபவர் அல்ல.

லண்டனில் அச்சகத்தாருக்கும் புத்தக வியாபாரிகளுக்கும் ஸ்டேஷனர்ஸ் கம்பெனி என்று ஒரு சங்கம் இருந்தது. 1557இல் அரச சாசனம் பெற்றது. அதன் உறுப்பினர் ஒரு நூலைச் சங்கப் பதிவேட்டில் தன் பெயரில் எழுதிவிட்டால், அந்தக் "காப்பி" அவருடையது. மற்ற உறுப்பினர்கள் அதை அச்சிடக் கூடாது. எழுதியவருக்கு இதில் இடமே கிடையாது. 1710இல் ஆன் அரசியின் காலத்தில் வந்த சட்டம்தான் முதன்முதலாக ஆசிரியரைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. அந்தச் சட்டத்தின் நீண்ட பெயரிலேயே, அச்சிட்ட நூல்களின் "காப்பி"களை ஆசிரியரிடமோ அவற்றை வாங்கியவரிடமோ ஒப்படைப்பது என்றுதான் இருக்கிறது. நகல்களை ஒப்படைப்பதில் பொருளில்லை; நூலை ஒப்படைக்கிறார்கள். புது நூலுக்கு 14 ஆண்டு உரிமை. அது முடியும்போது ஆசிரியர் உயிரோடிருந்தால் இன்னுமொரு 14.

ஆக, மூலச் சொல்லில் இருந்தது பதிப்பிக்கும் உரிமை. கடையில் வாங்கிய புத்தகத்தைப் படிப்பதோ, நண்பருக்குக் கொடுப்பதோ, நாலு வரியை நோட்டில் எழுதி வைப்பதோ அச்சகத்தாரின் சண்டைக்குள் வரவேயில்லை.

தமிழுக்கு வந்தபோது இரண்டு சொற்கள் போட்டியிட்டன. காப்புரிமை, பதிப்புரிமை.

காப்புரிமையை ஆக்கியவர் யாராக இருந்தாலும் கெட்டிக்காரர். காப்பிரைட் என்ற ஒலியே காதில் விழுகிறது. காப்பு என்ற நல்ல பழைய சொல்லும் உள்ளே இருக்கிறது. நூலின் தொடக்கத்தில் பாடுவது காப்புச் செய்யுள், திருவிழாவில் கட்டுவது காப்பு. நூலைக் காக்கும் உரிமைக்கு இதைவிடப் பொருத்தமாகக் கிடைக்குமா? கிடைக்காதுதான். ஆனால் புதிய கண்டுபிடிப்புக்கு அரசு கொடுக்கும் உரிமையான பேட்டன்டுக்கும் அதே சொல்லை வைத்துவிட்டோம். மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு 1995இல் அமெரிக்காவில் பேட்டன்ட் கொடுத்து, இந்திய அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் எதிர்த்து, 1997இல் அது ரத்தானதே, அப்போது நம் பத்திரிகைகள் எல்லாம் "மஞ்சளுக்குக் காப்புரிமை" என்றுதான் எழுதின. வேம்புக்கும் அப்படியே. 2017இல் இளையராஜா தன் பாடல்களை மேடையில் பாடுவது குறித்து எஸ்.பி.பி.க்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியபோதும் "காப்புரிமை"தான். மஞ்சளுக்கும் மெட்டுக்கும் ஒரே சொல்.

இரண்டும் ஒன்றாக இருந்தால் போகட்டும் என்று விடலாம். பேட்டன்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும், புதுமையை நிரூபிக்க வேண்டும், கண்டுபிடிப்பு எப்படி வேலை செய்கிறது என்று முழுக்க எழுதி ஊருக்குத் திறந்து காட்ட வேண்டும். பேட்டன்ட் என்ற சொல்லின் லத்தீன் மூலமே "திறந்திருப்பது". அரசன் முத்திரையோடு எல்லாரும் பார்க்கத் திறந்தே கொடுத்த கடிதத்தின் பெயர் அது. விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டில் முடிந்துவிடும். காப்பிரைட்டோ எழுதிய கணமே ஒட்டிக்கொள்கிறது. இந்தியாவில் எழுத்தாளர் இறந்த பிறகும் 60 ஆண்டு நீடிக்கிறது. சிறுகதைக்குக் "காப்புரிமை வாங்க" கிண்டியிலுள்ள பேட்டன்ட் அலுவலகத்துக்கு யாரும் போக வேண்டியதில்லை. அங்கே அதைக் கொடுக்கவும் மாட்டார்கள்.

பேட்டன்டுக்குக் காப்புரிமம் என்று சிலர் கடைசி எழுத்துகளை மாற்றிப் பார்க்கிறார்கள். அச்சில் சரியாக இருந்தாலும் பேச்சில் நிற்காது. காப்புரிமையை பேட்டன்டுக்கே விட்டுவிடுவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

மிச்சமிருப்பது பதிப்புரிமை. புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தில் பல காலமாக உட்கார்ந்திருக்கும் சொல். பதித்தல் என்றால் அழுத்தி வைத்தல். அச்சு வந்தபின் அது அச்சிட்டு வெளியிடுவதற்குப் பெயராயிற்று. சி.வை. தாமோதரம்பிள்ளையும் உ.வே.சாமிநாதையரும் ஏடுகளைத் தேடித் தேடி அச்சேற்றிய காலத்தில் பதிப்பு, பதிப்பாசிரியர் என்பவையெல்லாம் ஊன்றிப்போயின. லண்டன் பதிவேட்டில் "காப்பி" என்று எழுதியபோது என்ன நினைத்தார்களோ, அதற்கு மிக அருகில் நிற்கும் தமிழ்ச் சொல் இதுதான்.

"புகைப்படத்துக்கும் புரோகிராமுக்கும் என்ன பதிப்பு?" என்று கேட்பார்கள். காப்பி மட்டும் புகைப்படத்துக்குப் பிறந்த சொல்லா? மென்பொருளின் புதிய பதிப்பு என்று இன்று எல்லாரும் சொல்கிறோம். தவிர, சட்டமே புரோகிராமை எழுத்துப் படைப்புகளோடு சேர்த்துத்தான் வைத்திருக்கிறது. 1984 திருத்தத்துக்குப் பிறகு இந்தியச் சட்டத்தின் கண்ணில் நாவலும் கணிப்பொறி நிரலும் ஒரே வகை. அமெரிக்காவில் கூகுளும் ஆரக்கிளும் ஜாவா என்ற நிரல்மொழியின் ஏறத்தாழ 11,500 வரிகளுக்காகப் பத்தாண்டுக்கு மேல் மோதினார்கள். 2021இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம், கூகுள் எடுத்தாண்டது நியாயமான பயன்பாடுதான், மீறல் இல்லை என்று முடித்து வைத்தது. அந்த வரிகளுக்குப் பதிப்புரிமை உண்டா என்ற அடிப்படைக் கேள்வியை மட்டும் நைசாகத் தாண்டிப் போய்விட்டது.

பதிப்புரிமையில் உண்மையான ஒரு சிக்கல் உண்டு. "பதிப்புரிமை பதிப்பகத்துக்கு" என்று அச்சடித்தால், "இந்தப் பதிப்பை வெளியிடும் அனுமதி" என்று ஆசிரியர் நினைத்திருப்பார். "முழு உரிமையும் எங்களுடையது" என்று பதிப்பகம் நினைத்திருக்கும். எத்தனையோ மனத்தாங்கல்கள் இங்கேதான் தொடங்குகின்றன. எனவே ஒப்பந்தத்தில் "வெளியிடும் உரிமம்" என்றும் "பதிப்புரிமை" என்றும் தனித்தனியாக எழுதுங்கள். காலம் குறிப்பிடாமல் உரிமையை மாற்றிக் கொடுத்திருந்தால், அது 5 ஆண்டுக்குத்தான் என்று இந்தியச் சட்டத்தின் 19ஆம் பிரிவு எடுத்துக்கொள்கிறது. எழுத்தாளர்கள் பலருக்கு இது தெரிவதில்லை.

நகலுரிமை என்றும் சிலர் எழுதுகிறார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் கச்சிதம். எனக்கு ஆகாதது இதுதான். காரணம், கணிப்பொறியில் நகல் எடுக்காமல் எதுவுமே நடக்காது. ஒரு பக்கத்தைத் திறந்தால் அது முதலில் நினைவகத்துக்கு நகலாகி, அப்புறம்தான் திரையில் தெரிகிறது. அதுவும் நகல்தானே என்று 1993இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தீர்ப்பே சொன்னது. பழுது பார்க்க வந்த கம்பெனி கணிப்பொறியை ஆன் செய்து மென்பொருளை ஏற்றியது மீறலாகிவிட்டது. புத்தகத்தைப் படிப்பது மீறலாக முடியாது, மின்னூலைப் படிப்பது கொள்கையளவில் மீறலாகலாம் என்ற விபரீதம் அந்தக் "காப்பி" என்ற சொல் பொருள் வழுக்கியதால் வந்தது. அதற்குப் பிறகு பல நாடுகள் விலக்கு எழுத வேண்டியிருந்தது. நம் சட்டத்தில் 2012 திருத்தம், மின்வழிப் பரிமாற்றத்தின்போது தற்செயலாகவும் தற்காலிகமாகவும் தங்கும் நகல்களை விட்டுவிடச் சொல்கிறது. நகலுரிமை என்று பெயர் வைத்தால் இந்தக் குழப்பத்தையும் சேர்த்து மொழிபெயர்க்கிறோம்.

படைப்புரிமை? அழகான சொல். பிரெஞ்சுக்காரர்கள் "ஆசிரியரின் உரிமை" என்றுதான் சொல்கிறார்கள். நமக்கும் ஆசிரியர் பெயர் சின்ன விஷயமில்லை. சிறப்புப் பாயிரத்தில் இருக்க வேண்டியவற்றை நன்னூல் பட்டியலிடும்போது முதலில் நிற்பது "ஆக்கியோன் பெயரே". ஆனால் சட்டம் அவ்வளவு நல்லதில்லை. ஐ.டி. கம்பெனியில் வேலையாக எழுதும் நிரலின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், கம்பெனிக்கு. படைத்தவரிடம் இல்லாததைப் படைப்புரிமை என்று அழைப்பானேன். இந்தியச் சட்டத்தின் 57ஆம் பிரிவு தருகிறதே, உரிமையை விற்ற பிறகும் "இதை எழுதியவன் நான்" என்று சொல்லிக்கொள்ளவும் சிதைத்தால் தட்டிக் கேட்கவும், அதைத் தார்மீக உரிமை என்று மொழிபெயர்க்கிறார்கள். ஆக்கியோன் உரிமை என்று அதற்கு வைத்தால் கச்சிதமாக இருக்கும்.

உரிமைக்காலம் முடிந்த நூலை எப்படி அழைப்பது என்பதில் தமிழுக்கு ஒரு தனிக் கதை. பொதுவுடைமை என்ற சொல்தான் நேரானது. அதைக் கம்யூனிஸ்டுகள் முன்பே எடுத்துக்கொண்டார்கள். 1949இல் சென்னை அரசு பாரதி நூல்களின் உரிமையை வாங்கி, 1955இல் மக்களுக்கு விட்டது. அதிலிருந்து நாட்டுடைமை என்ற சொல் நமக்குப் பழகிவிட்டது. அரசு குடும்பத்துக்குப் பணம் கொடுக்கும், அப்புறம் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். சொல்லைப் பார்த்தால் அரசுக்குச் சொந்தம் போலிருக்கும்; நடைமுறையில் யாருக்கும் சொந்தமில்லை. 60 ஆண்டு கழிந்து தானாக விடுபடும் நூலை நாட்டுடைமை என்பது பிழை. "உரிமைக்காலம் முடிந்தது" என்று எழுதினாலே போதும்.

சொல் தேர்வு வெறும் பண்டித விவகாரம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வழக்கைக் காட்டலாம். 2024 நவம்பரில் ஏஎன்ஐ செய்தி நிறுவனம், சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ மீது டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிமன்றம் எழுப்பிய முதல் கேள்வியே, சாட்ஜிபிடியைப் பயிற்றுவிக்கச் செய்திகளைச் சேமித்து வைத்தது மீறலா என்பது. இந்தியச் சட்டத்தின் 14ஆம் பிரிவு மின்வழியில் சேமிப்பதையும் மறுஉருவாக்கத்தில் சேர்த்திருக்கிறது, அதனால் கேள்வி கனமானது. அங்கே வாதம் முழுக்க எழுத்தைப் பற்றி: யார் எழுதியது, யார் எடுத்து வைத்தது, எடுத்ததை வெளியிட்டார்களா, உள்ளேயே வைத்துக்கொண்டார்களா. இதை "ஓப்பன்ஏஐ மீது காப்புரிமை வழக்கு" என்று தலைப்புப் போட்டால், மஞ்சள் கதை நினைவிருக்கும் வாசகர் என்ன நினைப்பார்? சாட்ஜிபிடியின் தொழில்நுட்பத்தை யாரோ தங்கள் கண்டுபிடிப்பு என்று சொந்தம் கொண்டாடுகிறார்கள் என்றுதான்.