சார்ஜில் போட்டால் போனுக்குப் பேய் பிடிக்குமா?

மன்னார்குடியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். சார்ஜ் ஏறும்போது போனைத் திண்ணையில் வைத்து ஒரு விரலால் தட்டினால், ஓர் எழுத்துக்கு வேறு எழுத்து விழுகிறதாம். ஒருநாள் தானாகவே சம்பந்தி வீட்டுக்கு அழைப்புப் போய்விட்டதாம். வயரைப் பிடுங்கினால் போன் சாதுவாகிவிடுகிறது. மாமியார் தாயத்து கட்டச் சொல்கிறார். "போனுக்குமா சார்?"

மாமியாரைக் குறை சொல்ல மாட்டேன். பொறியாளர்களே இதைப் 'பேய்த் தொடுகை' என்றுதான் சொல்கிறார்கள்.

தொடுதிரையின் கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மின்கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. ஒரு திசைக் கோடுகள் அலையை அனுப்பும், மறு திசைக் கோடுகள் வாங்கும். அவை குறுக்கிடும் இடம் ஒவ்வொன்றும் குட்டி மின்தேக்கி, அதாவது மின்னூட்டத்தைப் பிடித்து வைக்கும் கண்டன்சர். விரல் பக்கத்தில் வந்தால் அதன் மின்தேக்குத்திறன் கொஞ்சம் குறையும். எவ்வளவு கொஞ்சம்? ஃபேன் மெதுவாகச் சுற்றினால் மாற்றுகிறோமே, அந்தக் கண்டன்சர் 2.5 மைக்ரோஃபாரட், அதாவது 25 லட்சம் பிகோஃபாரட். விரலால் வரும் மாற்றம் 1 பிகோஃபாரட்டுக்கும் கீழே.

சார்ஜர் 230 வோல்ட் மின்சாரத்தை நேர்மின்னோட்டமாக்கி, விநாடிக்குச் சுமார் லட்சம் தடவை வெட்டி வெட்டிச் சின்ன டிரான்ஸ்ஃபார்மருக்குக் கொடுக்கிறது. அதன் இரண்டு சுருள்களும் தொட்டுக்கொள்வதில்லை. ஆனால் நெருங்கி இருப்பதால் அவையும் ஒரு மின்தேக்கிதான். அந்த வழியாக வெட்டின் அதிர்வு கசிந்து வந்து, போன் முழுவதையும் தரையை ஒப்பிட மேலும் கீழுமாக ஆட்டுகிறது.

கொள்ளிடத்தில் ஓடம் ஆடினாலும், உள்ளே இருக்கிறவர்களுக்குள் இடைவெளி மாறுவதில்லை. படித்துறையில் நிற்பவர் கையை நீட்டி ஓடத்தைத் தொட்டால்தான் இடிக்கும். நம் உடம்பு பூமியின் பக்கம், அதாவது படித்துறை. விரலை வைத்ததும் அந்த ஆட்டம், விரலுக்கு நேர் கீழே உள்ள வாங்கும் கோட்டில் ஏறிவிடுகிறது. பேய்த் தொடுகைகள் பெரும்பாலும் விரல் இருக்கும் அதே கோட்டின் நீளத்தில் வரிசையாக வருவதற்கு இதுதான் காரணம். போனைத் திண்ணையில் வைக்காமல் இன்னொரு கையில் பிடித்துக்கொண்டு தட்டிப் பாருங்கள், தொல்லை பெரும்பாலும் குறையும். நீங்களும் ஓடத்தில் ஏறிவிட்டீர்கள், அவ்வளவுதான்.

சரி, நல்ல போன்கள் இதை எப்படிச் சமாளிக்கின்றன? திரையின் சொந்த இரைச்சலுக்குத் தனி ஏற்பாடு, அனுப்பும் அலையின் வோல்ட்டைக் கூட்டுவது என்று சில வழிகள் உண்டு. எனக்குப் பிடித்தது வேறொன்று.

சுவாமி புறப்பாடு. ஒரே வீதியில் இரண்டு கோஷ்டி, இரண்டு தவில், வேறு வேறு காலப்பிரமாணம். உங்களுக்கு ஒரு தவில் மட்டும் வேண்டும். அதன் தாளத்தைக் கையில் போடுங்கள். தட்டில் விழும் ஓசையைக் கூட்டுங்கள், இரண்டு தட்டுக்கு நடுவில் விழுவதைக் கழியுங்கள். உங்கள் தவில் எப்போதும் தட்டிலேயே விழும், கணக்கு ஏறிக்கொண்டே போகும். மற்றது சில நேரம் தட்டில், சில நேரம் நடுவில். கூட்டியதும் கழித்ததும் அடித்துப்போய்ப் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் நிற்கும். அந்தத் தவில் கொஞ்சம் பலமாக முழங்கினாலும் சரி, பொறுமையாகத் தாளம் போட்டால் போதும்! காதையே அடைத்துவிடும் அளவுக்கு முழங்கினால்தான் கஷ்டம். தொடுதிரைச் சிப் செய்வது அச்சு அசலாக இதுதான். அனுப்பிய அலை அதனுடையது, ஆகவே தாளம் அதற்குத் தெரியும். வாங்கும் கோட்டில் வந்ததை அந்தத் தாளத்தோடு பெருக்கிக் கூட்டுகிறது.

நிறையத் தட்டுகள் எண்ணினால் துல்லியம் கூடும். ஆனால் நேரமும் ஆகும், விரலுக்குப் பின்னால் திரை தள்ளாடிக்கொண்டு வரும். விநாடிக்கு 60, 120 தடவை திரை முழுவதையும் படித்தாக வேண்டுமே. எதிர்க்கோஷ்டியும் அதே காலப்பிரமாணத்துக்கு வந்துவிட்டாலோ, தாளம் போட்டுப் பயனில்லை. அதனால் சிப் நடுநடுவே தன் அலையை நிறுத்திவிட்டுச் சும்மா காது கொடுக்கும். தன் அதிர்வெண்ணில் யாரோ வாசிப்பது கேட்டால், வேறு அதிர்வெண்ணுக்குத் தாவிவிடும். பல சார்ஜர்கள் பேட்டரி நிறைய நிறையத் தங்கள் அதிர்வெண்ணை மாற்றிக்கொள்ளும். 20 சதவீதத்தில் வந்த பேய் 80 சதவீதத்தில் காணாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த உத்தி போனுக்காகப் பிறந்ததல்ல. அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் டிக்கி 1946இல் மெல்லிய நுண்ணலைகளை இரைச்சலிலிருந்து பிரித்தெடுக்க இதே தாளக் கணக்கைத்தான் பயன்படுத்தினார். அன்று அவரிடம் போய் "இதனால் என்ன லாபம்?" என்று கேட்டிருந்தால்? நாம் ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 1 சதவீதம்கூடக் கிடையாது. அதிலும் இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டே கொடுக்கிறோம். எனக்கு எரிச்சல் வரும் விஷயம் இது, விடுங்கள்.

கும்பகோணத்தில் அவசரத்துக்கு வாங்கிய 120 ரூபாய் சார்ஜர் ஒன்று என்னிடம் இருந்தது. அதைப் பிரித்தேன். இரைச்சலை வடிகட்டும் சுருளுக்கான இடம் பலகையில் அச்சடித்தே இருந்தது. சுருள் மட்டும் இல்லை, அங்கே இரண்டு கம்பித் துண்டுகளைப் பற்றவைத்திருந்தார்கள்.

ஆகவே வாசகிக்கு: பிஐஎஸ் முத்திரை உள்ள சார்ஜராகப் பார்த்து வாங்குங்கள். பழையது சுள்ளென்று ஷாக் அடித்தால் குழந்தைகள் கைக்கு எட்டாமல் இன்றே தூக்கிப் போடுங்கள். தாயத்து கட்டுவதானால் பட்டுக் கயிற்றில் கட்டுங்கள். செப்புத் தகடு திரைமேல் பட்டால் அதுவே இன்னொரு விரலாகிவிடும்.